மூணாம் ஷிப்டின் முதல் ஆல்பம்

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. சொன்னவர், அந்த மௌன இல்லத்தில் பூபதிக்கு அடுத்த பாயில் உட்கார்ந்திருந்தவர். பாதியை அவரே காதால் கேட்டார். மீதியை, மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பூபதி அவரிடம் சொன்னார். வார்த்தைகள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

"கண்ணை மூடினா சண்டை ஓடுதுங்கம்மா" என்றார் பூபதி.

"யாரோட?"

"ஜெரால்டோட. என் சிநேகிதன்."

"எதுக்குச் சண்டை?"

பூபதி தயங்கினார். அடுத்த பாய்க்காரர் அப்போதுதான், உடம்பை விட்டபின் ஆன்மா எங்கே போகிறது என்று கேட்டு முடித்திருந்தார். அதற்குப் பிறகு இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"ஒரு ராக் பேண்டுங்க. மூணாம் ஷிப்ட்னு பேரு. அவங்களோட பழைய ஆல்பம் உசத்தியா, புது ஆல்பம் உசத்தியான்னு."

யாரோ பின்னால் இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை.

கோதையம்மா சிரிக்கவில்லை. "சொல்லுங்க" என்றார்.

சிறுமலையில் அந்த இல்லத்தை நடத்துபவர் அவர்தான். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. நாற்பதைத் தொட்ட பூபதிக்கு அவரை அம்மா என்று கூப்பிட முதல் நாள் நாக்கு எழவில்லை. இப்போது பழகிவிட்டது. பகல் முழுக்க அங்கே யாரும் பேசக் கூடாது. மதியக் கஞ்சிக்குப் பிறகு மட்டும், கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.

பூபதி சொன்னார்.

கோயம்புத்தூர் மில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த பேண்டு. முதல் ஆல்பம் 'புகைபோக்கி'. ஒரு கல்யாண மண்டபத்தில், இரண்டே மைக் வைத்துப் பதிவு செய்தது. கேசட்டாக வந்தது. பூபதியும் ஜெரால்டும் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அதற்குப் பிறகு மூன்று ஆல்பங்கள் வந்துவிட்டன. ரசிகர்கள் வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அது இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் தங்களைப் பழைய ஷிப்ட் என்றது. இன்னொரு பக்கம் புது ஷிப்ட்.

"நாலாவது ஆல்பம் பாட்டா, அபார்ட்மென்ட் விளம்பரமா?" என்று இவர்கள் கேட்டார்கள்.

"முதல் ஆல்பம் பாட்டா, பாத்திரக்கடையில எலி ஓடினதா?" என்று அவர்கள் கேட்டார்கள்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றார் கோதையம்மா.

"பழசுதாங்க. அதுல கிடார் தனியா பேசும். டிரம்ஸ் எங்கேயோ இருக்கும், அடுத்த தெருவுல மில் ஓடற மாதிரி. இப்ப டிரம்ஸைக் கொண்டாந்து நடுமண்டையில வெச்சு அடிக்கறாங்க. கூடவே பின்பாட்டு வேற. மூச்சு விட இடமில்லீங்க."

"ஜெரால்டு?"

"அவன் இன்னொரு மாதிரி. புதுசுதான் உசத்தின்னு கூட சொல்ல மாட்டான். 'அவங்க மாறவே இல்லடா, டிரம்ஸ் எப்பவும் இப்படித்தான் இருந்துச்சு'ம்பான். எப்பவுமாம்! நான் மனப்பாடமா வெச்சிருக்கற ஆல்பத்தைப் பத்தி எங்கிட்டயே பொய்."

"சரி."

"நானும் ஒண்ணு சொல்லிட்டேன்."

"என்ன?"

பூபதி பாயின் ஓரத்தைப் பிய்த்தார்.

"அந்தக் குழுவுல, அத்தனை பேர் முன்னாடி. 'என் வாக்மேன்ல ஓசியில கேட்டவன், எனக்கே பாடம் சொல்றான்'னு எழுதினேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. குழுவை விட்டு வெளிய போயிட்டான். ரெண்டு வருஷமாச்சுங்க. நடுவுல எங்கப்பா தவறினாரு. வந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். சுடுகாடு வரைக்கும் தோள் மாத்தாம நடந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிட்டான்."

இந்த முறை பின்னால் யாரும் இருமவில்லை.

"நான் என்ன செய்யணும்?" என்றார் கோதையம்மா.

"நீங்க ரெண்டையும் கேட்டுட்டு ஒரு தீர்ப்பு சொல்லுங்கம்மா. உங்களுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்தா, பெரிய மனசு பண்ணி நானே அவனைக் கூப்பிட்டுருவேன்."

"சாதகமா வரலேன்னா?"

பூபதி அதை யோசித்திருக்கவில்லை.

"அது வராதுங்க" என்றார்.

கோதையம்மா எழுந்து போனார். வரும்போது கையில் பூபதியின் செல்போன் இருந்தது. உள்ளே வருபவர்களின் போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் வைத்துவிடுவார்கள். அதோடு ஒரு இயர்போனும் எடுத்து வந்திருந்தார்.

"முதல்ல நீங்க கேளுங்க. பழசை."

"எனக்கெதுக்குங்கம்மா? ஒவ்வொரு வரியும் தெரியும்."

"கடைசியா எப்ப கேட்டீங்க?"

"கேசட் நாடா சிக்கி அறுந்துச்சுங்க. கல்லூரி முடியற சமயம்."

"இப்ப போன்ல கிடைக்குமே?"

"போட்டிருக்காங்க. ரொம்ப நாளாவே இருக்கு."

"கேட்கலையா?"

"இல்லீங்க."

"ஏன்?"



"பயமா இருந்துச்சுங்க. அப்ப கேட்ட மாதிரி இல்லேன்னா?"

கோதையம்மா இயர்போனை நீட்டினார்.

பூபதி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. முதல் பாட்டு தொடங்கியது. அவர் முகம் இளகியது. உதடு அசைந்தது.

பிறகு உதடு நின்றது. புருவம் நெரிந்தது. அடுத்த பாட்டுக்குத் தள்ளினார். அதற்கடுத்த பாட்டுக்கும் தள்ளினார். படக்கென்று இரண்டையும் காதிலிருந்து பிடுங்கினார்.

"அயோக்கியப் பசங்க!" என்றார். மௌன இல்லம் என்பதை மறந்துவிட்டார். "இதையும் கெடுத்துட்டாங்கம்மா! பழசுல கை வெச்சுட்டாங்க!"

"என்ன செஞ்சாங்க?"

"டிரம்ஸை ஏத்திட்டாங்க. காது கிட்டயே நின்னு அடிக்கறான். கூடப் பாடறதுக்கு இன்னொருத்தனைச் சேர்த்திருக்காங்க, கீழ்க் குரல்ல. அப்படி ஒருத்தன் அந்த ஆல்பத்துலயே கிடையாதுங்க! புதுசோட ஒத்துப் போகட்டும்னு பழசைத் திருத்தியிருக்காங்க. நான் சும்மா விட மாட்டேன். இன்னைக்கே குழுவுல எழுதறேன்."

"எழுதுங்க" என்றார் கோதையம்மா. "அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தக் காலத்துல இதை எங்க உட்கார்ந்து கேட்டீங்க?"

கோபத்தோடு வாயைத் திறந்த பூபதிக்குக் குரல் வேறு மாதிரி வந்தது.

"பஸ்ஸுலங்க. பொள்ளாச்சியில இருந்து கோயம்புத்தூர். தினமும் காலையில. எனக்கு ஜன்னலோரம் வேணும், இல்லேன்னா வாந்தி வரும். ஜெரால்டு முன்னாடியே ஓடிப் போய்த் துண்டு போட்டு வெச்சிருப்பான். கிணத்துக்கடவு தாண்டினா ஒரு குளிர்ந்த காத்து வரும் பாருங்க. சரியா அங்கதான் மூணாவது பாட்டு ஆரம்பிக்கும். கண்டக்டர் கூட, 'என்னப்பா, இன்னைக்கும் அதே பஜனையா'ம்பாரு. மழை பெஞ்சா ஷட்டரை இறக்கிடுவாங்க. இருட்டுக்குள்ள டீசல் வாசமும், ஈரத்துணி வாசமும், அந்தக் கிடாரும்..."



"ரெண்டு பேருமா கேட்பீங்க?"

"ஆமாங்க."

"வாக்மேன் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாங்க. இயர்போன்ல ஆளுக்கு ஒரு பக்கம். வலது பக்கத்துல பஞ்சு பிஞ்சு போயிருந்துச்சு. வெறும் தகரம் காதைக் குத்தும். அதை அவன் எடுத்துக்குவான். பஞ்சு இருக்கற இடது பக்கம் எனக்கு. வாக்மேன் என்னோடதுல்லீங்களா..."

கோதையம்மா எழுந்து கிட்டே வந்தார். இயர்போனை எடுத்தார். இடது பக்கத்தை மட்டும் பூபதியின் காதில் வைத்தார். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்.

கிடார் தனியாகப் பேசியது. டிரம்ஸ் அடுத்த தெருவில் ஓடும் மில் மாதிரி, எங்கேயோ இருந்தது. கீழ்க் குரலில் பாடியவன் இல்லை. மூச்சு விட இடம் இருந்தது.

ஒரு சுரம் கூட மாறவில்லை.

பூபதியின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் பயந்தது வீண் என்று அந்த நிமிஷம் தோன்றியதாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கோதையம்மா எதிரே கையை விரித்து வைத்திருந்தார். அந்த உள்ளங்கையில் இயர்போனின் இன்னொரு பக்கம் கிடந்தது. அதற்குள்ளே டிரம்ஸ் விடாமல் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"இது யாரோடது?" என்றார் கோதையம்மா.

பூபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. கேள்வி வேளை முடிந்து மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். அடுத்த பாய்க்காரர் மட்டும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் நின்றார்.

"அம்மா," என்றார் பூபதி. "ஒரு போன் பண்ணிக்கறேன்."

"இங்கே பேசக் கூடாது" என்றார் கோதையம்மா. "வேலிக்கு அந்தப் பக்கம் பலாமரம் இருக்கு. அங்க சிக்னலும் கிடைக்கும்."

"தீர்ப்பு?"

கோதையம்மா கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பூபதி பலாமரத்தடியில் நின்றார். எண்ணை அழுத்தினார். எடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தார். எடுத்தான். பின்னால் ஒரு பைக் ஹாரன் மட்டும் கேட்டது.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை வேலியைத் தாண்டும்போதே பூபதி தயார் செய்திருந்தார். அது வாயில் வரவில்லை.

"ஜெரால்டு," என்றார். "உன் பக்கத்துல என்னடா கேட்டுச்சு?"

கட் ஆகிவிட்டதோ என்று பூபதி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இல்லை.

"கடைசிப் பாட்டு முடியறதுக்குள்ள நீ ஆஃப் பண்ணிடுவ" என்றான் ஜெரால்டு. "'முடிஞ்சுதே, பாட்டரி எதுக்கு வீணாகணும்'ம்ப. நானும் விட்டுருவேன். வாக்மேன் உன்னோடதாச்சே."

இதை எழுதுவதற்கு முன் அந்தக் கடைசிப் பாட்டைத் தேடி எடுத்துக் கேட்டேன். இடது காதில் மட்டும் மாட்டினால், கிடார் ஓய்ந்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது. பிறகு நாடாவின் இரைச்சல்தான். வலது காதில் அந்தக் கீழ்க் குரல்காரர், யாரும் வாசிக்காமலே, இன்னும் ஒரு சரணம் பாடுகிறார்.