கட்டிலுக்கும் காருக்கும் நடுவே

விளக்கு வைத்து ஒரு மணி நேரம் இருக்கும். பட்டறைக்குள்ளிருந்து, தகர டப்பாவை யாரோ விரலால் சுண்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. டொக். சற்றுப் பொறுத்து மறுபடியும், டொக்.

விபத்தில் நொறுங்கி, பிரித்துக் கோக்கப்பட்ட மின்சாரக் கார் ஒன்று அங்கே முதன்முறையாக அதிவேக சார்ஜில் நின்றது. கோத்தவர் நல்லபெருமாள். முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்துவிட்டுத் தொழில் கற்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் இசக்கியம்மாள் அவரைவிட இருபது வயது இளையவள். குருவே ‘சார்’ என்று கூப்பிடும் சீடர் பாளையங்கோட்டையில் அவர் ஒருவர்தான்.

“அது என்ன சத்தம், சார்?”

“புது வண்டி மாதிரி ஆக்கிட்டோம்லா மேடம். கொஞ்சம் பேசும்.”

காரை வாங்க வந்த பெனிட்டா, கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலைத் தாண்டாமல் நின்றாள். விடிந்தால் திருச்சிக்குப் போக வேண்டும்.

“வழியில ரெண்டு இடத்துல இப்படி சார்ஜ் போடணும். அப்போ பாப்பா பின் சீட்ல தூங்கலாமா, அங்கிள்?”

“தாராளமா!” நல்லபெருமாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “இதுல மட்டும் ஒரு கையெழுத்து.”

பெனிட்டா படித்தாள்.

“தீப்பிடிச்சா நீங்க பொறுப்பில்லைன்னு பதினாலு தடவை எழுதியிருக்கே!”

“எல்லாம் ஒரு சம்பிரதாயம்மா. கோயில் வாசல்ல, செருப்புக்கு நாங்க பொறுப்பல்லன்னு போர்டு வைக்கதில்லையா?”

“அது செருப்பு, அங்கிள்.”

இசக்கியம்மாள் உள்ளே போய் ஒரு கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து, காரின் பின்கதவை ஒட்டிப் போட்டாள்.

“சார், கொஞ்சம் இதுல படுங்க.”

“நானா?”

“சார்ஜ் ஏறி முடியுத வரைக்கும்.”

அவள் போய் சார்ஜரின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நல்லபெருமாள் படுத்தார்.

டொக்.

எழுந்தார். “காத்தே வரலை” என்று கட்டிலை ஓரடி இழுத்துப் போட்டார்.

டொக்.

“கொசு.” இன்னும் நாலடி.

டொக். டொக்.

இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. கட்டில் பட்டறையைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போயிருந்தது.

இசக்கியம்மாள் சுவிட்சை அணைத்தாள். டேப்பை எடுத்துக் காரிலிருந்து கட்டில் வரை அளந்தாள்.

“இருபத்திரண்டு அடி. இதையும் அந்தத் தாள்ல எழுதிருங்க சார். பாப்பாவோட அம்மா படிச்சிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.”

நல்லபெருமாள் குழந்தையைப் பார்த்தார். அது வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

“பேட்டரிக்குள்ள ஒரு செல் கட்டு மட்டும் பழசு, மேடம்” என்றார் மெதுவாக. “மெதுவா ஏறுத வீட்டுச் சார்ஜ்ல போட்டுப் பாத்தேன். சூடாகலை. அது போதும்னு மூடிட்டேன்.”

“திருச்சிக்கு ரயில் இருக்கும்மா. வண்டியைத் திரும்பி வந்து பாத்துக்கலாம்” என்று பெனிட்டாவை அனுப்பிவிட்டு, ரப்பர் கையுறையை எடுத்து அவரிடம் நீட்டினாள் இசக்கியம்மாள்.

பேட்டரியை இறக்கித் திறந்தபோது, அந்தக் கட்டு பணியாரம்போல உப்பியிருந்தது.

புதுக் கட்டு வந்து சேர நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் ராத்திரி மறுபடியும் அதிவேக சார்ஜ். ஒரு சத்தம் இல்லை. எல்லாக் கட்டும் ஒரே சூட்டில் இருப்பதாக மீட்டர் காட்டியது. நல்லபெருமாள் தானே கட்டிலைக் கொண்டுவந்து பின்கதவோடு ஒட்டிப் போட்டுப் படுத்தார். அவர் குறட்டைதான் கொஞ்சம் தொந்தரவாக இருந்தது.

சார்ஜ் பாதி ஏறும்போது விழித்துக்கொண்டார்.

“காலைல அந்தப் பொண்ணு வந்தா, தாள்ல என்ன எழுதிக் கொடுக்க மேடம்?”

காருக்குப் பின்னால், பட்டறைச் சுவரை ஒட்டித்தான் இசக்கியம்மாளின் அறை.

“நீங்க கோத்த வண்டி சார்ஜ்ல நிக்கும்போது, தீப்பிடிச்சா ஓடி வரணுமேன்னு நான் கதவைச் சாத்தினதே இல்லை, சார்” என்றாள். “இன்னைக்குத் தூக்கம் வருது.”

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.