கரைக்கு வந்த பந்தய எஞ்சின்

வியாகுலம் பாதி ஆயுளை விசைப்படகின் டீசல் எஞ்சினோடு கழித்தவர். முதுகுவலி வந்து கடல் தொழிலை விட்டதும், பெட்ரோல் எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

ஜெசிந்தா முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள். இப்போது துறைமுகத்துக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள். வயதில் அவரைவிட மிகவும் இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறையில், குளிக்க இறங்கிய ஒரு கல்லூரிப் பெண்ணை அலை இழுத்துக்கொண்டு போனது. ஆட்களைக் கூப்பிட்டுப் படகைத் தள்ளி வியாகுலமும் மற்றவர்களும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளைக் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அதன்பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஊர்க் கமிட்டி கூடி, ஆபத்தில் ஓடிப்போக ஒரு வாட்டர் ஸ்கூட்டர் வாங்குவது என்று முடிவெடுத்தது. பழையதானாலும் பரவாயில்லை, எஞ்சின் நன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை வியாகுலம் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கௌதம் என்பவர் ஒரு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.

"எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் எஞ்சின்ல ஏதோ வேலை பார்த்திருக்கார். என்னன்னு எனக்குத் தெரியாது. நீங்களே பிரிச்சுப் பாருங்க" என்றார் கௌதம்.

ஜெசிந்தா வியாகுலத்திடம் டார்ச்சைக் கொடுத்தாள். "பாருங்கண்ணே. பார்த்துட்டுச் சொல்லுங்க."

வியாகுலம் பகல் முழுக்க வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எஞ்சின் நம்பர் கம்பெனி நம்பர்தான் டீச்சர். உள்ள இருக்கறது கம்பெனி வேலை இல்ல."

"எப்படி?"

"கார்புரேட்டர் ரெண்டையும் பெருசா மாத்தியிருக்காங்க. சிலிண்டர் ஹெட் வெளிய கடைசல் மிஷின்ல செஞ்சது. புகை வெளிய போற வாசலை மேல தூக்கி அறுத்திருக்காங்க. அரம் போட்ட தடம் அப்படியே தெரியுது. ஆயில் பம்பைக் கழட்டி ஓட்டையை அடைச்சாச்சு. இனிமே ஆயிலை பெட்ரோல்ல கலந்துதான் ஊத்தணும்."

"கம்ப்ரஷன்?"

"ரெண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி. மீட்டர் முள்ளு எங்கேயோ மேல போய் நிக்குது."

"பிஸ்டன்?"

"ஒரு கீறல் இல்ல."

ஜெசிந்தா தலையசைத்தாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

"செஞ்ச ஆளு லேசுப்பட்டவன் இல்ல டீச்சர்" என்றார் வியாகுலம். "நல்ல எஞ்சின்தானே?"

"காலையில கடல்ல இறக்குவோம்" என்றாள் அவள்.

மறுநாள் அலை அடங்கியிருந்தது. ஓட்டும் விதத்தைக் கௌதம் சொல்லிக்கொடுத்தார். ஜெசிந்தா லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, உள்ளூர் மீனவர் ரொசாரியின் ஃபைபர் படகில் ஏறினாள்.

"எங்க போறீங்க டீச்சர்?"

"தண்ணிக்கு. அலையைத் தாண்டி ரொசாரி என்னை இறக்கி விட்டுருவார். நான் கையைத் தூக்குவேன். நீங்க வந்து என்னை ஏத்திட்டுக் கரைக்குக் கொண்டுவரணும். கிட்ட வந்ததும் எஞ்சினை அணைச்சிடுங்க. தண்ணியை உறிஞ்சுற வாய் அடியில இருக்கு. முடி, துணி எது மாட்டினாலும் விடாது."

தூரத்தில் அவள் கை உயர்ந்தது. வியாகுலம் விசையை அழுத்தினார்.

எஞ்சின் காதை அடைக்கும்படி அலறியது. வண்டி தண்ணீரில் படாமல் பறப்பது போலிருந்தது. பொங்கலன்று இது இருந்திருந்தால் என்று நினைத்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. அதற்குள் ஜெசிந்தாவைத் தாண்டிப் போய்விட்டார்.

திருப்பினார். வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் திணறி இருமியது. நின்றுவிடுமோ என்று விசையை லேசாகத் தொட்டார். வண்டி துள்ளி மறுபடியும் அவளைத் தாண்டியது. இன்னொரு முறை சுற்றி வந்து, எட்டத்திலேயே எஞ்சினை அணைத்தார். மிதந்து வந்து அவள் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

"பிடிச்சுக்கோங்க டீச்சர்."

ஸ்டார்ட்டரை அழுத்தினார். எஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பெட்ரோல் வாடைதான் வந்தது.

நீரோட்டம் அவர்களை, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அலை மோதும் பாறாங்கற்கள் தெளிவாகத் தெரிந்தன. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் வியாகுலம் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். ரொசாரி படகைத் திருப்பிக்கொண்டு வந்து கயிறு வீசினார்.

கரையில் கௌதம் ஓடி வந்தார். "பிளக் நனைஞ்சிருக்கும் சார். துடைச்சுப் போட்டா கிளம்பிடும்."

"கிளம்பும் தம்பி. பந்தயத்துல விட்டா இதைப் பிடிக்க ஆள் கிடையாது" என்றார் வியாகுலம். "எங்களுக்கு வேண்டாம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

கௌதமும் ரொசாரியும் சேர்ந்து வண்டியை டிரெய்லரில் ஏற்றினார்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் வியாகுலம் இரண்டு டீ வாங்கி வந்தார். வழியில் ஒரு கிளாஸ் பாதி சிந்தியிருந்தது. சிந்தாததை அவளிடம் கொடுத்தார்.

"திரும்பக் கிளம்பாதுன்னு நேத்தே தெரியுமா டீச்சர்?"

"கிளம்பாம போகலாம்னு நினைச்சேன். அதான் ரொசாரியைப் போகாம நிக்கச் சொன்னேன்."

"சொல்லியிருக்கலாமே."

ஜெசிந்தா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹெட்டைப் பார்த்தேன், கார்புரேட்டரைப் பார்த்தேன், பிஸ்டன் வரைக்கும் பார்த்தேன்" என்றார் வியாகுலம். "மெதுவா ஓட்டினா திணறும், அணைச்சா திரும்பக் கிளம்பாதுன்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னும் ஏதாவது விட்டிருக்கேனா டீச்சர்?"

அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

"ரெண்டாவது தடவை நீங்க தாண்டிப் போனப்போ, நான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேண்ணே. பக்கத்துல இருந்துதான் கூப்பிட்டேன். அந்த எஞ்சின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."