ஒரு படி மிளகாய்க் குழம்பு

முன்னொரு காலத்தில் நெடும்பொழில் நாட்டை வல்லபராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். ஒரு மாசியில் ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. அரசனின் ஒரே மகள் அதில் இறந்துபோனாள். அரசன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து எதைத் தின்றாலும் அவனுக்கு மண்ணைத் தின்பது போலிருந்தது.

“பிரபு, உங்கள் நாக்கில்தான் கோளாறு” என்றார் வைத்தியர். மறுநாளே அரசன் அவரை நாடு கடத்தினான்.

மந்திரி சாத்தப்பர் கப்பல் ஏறி வந்த சமையல்காரர்களை அழைத்துவந்தார். பாரசீகத்து யூசுப் மாதுளைச் சாற்றில் ஆட்டுக்கறியை வேகவைத்தான். சீனத்துக்காரன் பன்றிக்கறியை அன்னாசிப்பூ போட்டு அரை நாள் சிறுதீயில் வைத்தான். போர்ச்சுகல்காரன் அவரையும் இறைச்சியும் சேர்த்துக் கொதிக்கவிட்டான். அரபிக்காரன் கோதுமையையும் கறியையும் குழையக் குழையக் கிண்டினான். வாசனையில் காவலர்களுக்கே வாய் ஊறியது.

“சப்பென்று இருக்கிறது!” என்று தட்டைத் தள்ளினான் அரசன்.

விருந்து அதிகாரி பூவராகனுக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. “தங்கள் நாக்கு பொய் சொல்லுமா பிரபு? மந்திரி கூட்டிவந்த ஆட்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள்!” என்றான். நால்வரும் சிறைக்குப் போனார்கள்.

மிச்சத்தை வழித்து ருசி பார்த்த சாத்தப்பருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? வைத்தியரின் கதி கண்முன் இருந்தது. யோசித்து யோசித்து ஒரு மாதம் போனது.

ஒருநாள் அவரே சபைக்கு ஒரு பானையோடு வந்தார். “அக்கரைச் சீமைக் குழம்பு, பிரபு. நானே சமைத்தேன்.”

அரசன் ஒரு கிண்ணம் குடித்தான். நெற்றி வேர்த்தது, முகம் மாறவில்லை. “இதுவும் சப்பென்றுதான் இருக்கிறது. இல்லையா, பூவராகா?”

“ஆமாம் பிரபு! வெறும் வெந்நீர்!”

“நீங்கள் இன்னும் வாயிலேயே வைக்கவில்லையே” என்று சாத்தப்பர் கிண்ணத்தை நீட்டினார். “வெந்நீர்தானே, ஒரே மடக்கில் குடியுங்கள்.”

பூவராகன் குடித்தான். அவ்வளவுதான். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, “தண்ணீர்! தண்ணீர்!” என்று தரையில் உருண்டான். சபை கொல்லென்று சிரித்தது. அரசனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“இதில் என்ன போட்டீர், சாத்தப்பரே?”

“ஒரு படி மிளகாய், பிரபு.”

அரசன் இன்னொரு கரண்டி எடுத்து மெல்லக் குடித்தான். “எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே” என்றான். “சிறையில் நான்கு பேர்தானே?”

“நால்வர் இருந்தார்கள். யூசுப் போன வாரம் காய்ச்சலில் இறந்துவிட்டான்.”

அரசன் கரண்டியைக் கீழே வைத்தான். பூவராகனை அடுக்களையில் பானை கழுவ அனுப்பினான். தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

“வேண்டாம் பிரபு. ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தால் நால்வரும் இருந்திருப்பார்கள்” என்றார் சாத்தப்பர். “வைத்தியரைத் திரும்ப அழையுங்கள், போதும்.”

அரசன் தானே போய்ச் சிறைக் கதவைத் திறந்தான். மூவரும் ஊர் திரும்புமுன், யூசுபின் மாதுளைக் கறியை அவன் நினைவாகச் சமைத்தார்கள். அரசன் அவர்களோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்தான்.

“உப்பு சரியா, அரசே?” பழக்கத்தில் கேட்டுவிட்டான் சீனத்துக்காரன்.

“எனக்குத் தெரியாதப்பா” என்றான் அரசன். “நீதான் சொல்லவேண்டும்.”