ஈரத்தலையும் கூழ்வத்தலும்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னை அடிக்கக் கிளம்புவார்கள். பாதி வழியில் எதற்குக் கிளம்பினோம் என்பது மறந்துபோய், யார் வீட்டிலாவது உட்கார்ந்து மோர் கேட்பார்கள். அந்த வீட்டுக்காரருக்கு எதற்கு வீண் தொல்லை? தேனிப் பக்கம், மலையடிவாரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் அங்கே மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தேன். மூன்று கோடையும் எதிர்வீட்டைப் பார்த்தே கழிந்தன.

எதிர்வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் சுருளிவேல், நாற்பது வயது, தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. நடுவுள்ளவன் மொக்கச்சாமி, யோசிப்பவன். அவன் யோசித்ததால் வந்த சேதம்தான் அந்த வீட்டில் அதிகம். கடைக்குட்டி வீருசின்னு, சந்தேகம் கேட்பவன். மூன்று பேருக்கும் நல்ல உடம்பு. கழுத்துக்கு மேலே என்ன இருந்தது என்று நான் விசாரித்ததில்லை.

இவர்களுக்கு மேல் ஓர் அக்கா, பவுனுத்தாயி. அந்த வீட்டுக்கு வர வேண்டிய மூளை மொத்தமும் அவளிடமே இறங்கிவிட்டது. அவள் புருஷன் இராசாங்கத்துக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தம்பிகளுக்குச் சோறு பொங்கிப் போட ஆள் இல்லாததால் அவள் இங்கே, அவர் அங்கே. பதினோரு வருஷம் இப்படியே போய்விட்டது.

"பெரியவனுக்கு ஒரு கல்யாணத்தை முடிச்சு, இதுகளை ஒருத்தி கையில பிடிச்சுக் குடுத்துட்டு, மறுநாளே திருப்பூர் பஸ் ஏறிருவேன்" என்பாள் என் மனைவியிடம். "அவராச்சும் விவரமான மனுசன். அவரோட கொஞ்ச நாளு நானும் மனுசியா இருக்கணும்ல?" சொல்லும்போதே கண் கலங்கிவிடும். எனக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

அதில் ஒரு கோடையில், முதல் வேலையாக அவள் வத்தல் போட்டாள். இராசாங்கத்துக்குக் கூழ்வத்தல் என்றால் உயிர். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, விடியற்காலையிலேயே அரிசிக்கூழை வரிசை வரிசையாக ஊற்றிவிட்டு, தம்பிகளைக் காவல் வைத்தாள்.

"காக்கா வராம பாத்துக்குங்கடா."

மத்தியானம் வந்து பார்த்தால் வேட்டியே பாதிதான் இருந்தது. மீதியை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது.

"அடப் பாவிகளா, ஆடு தின்னுருச்சேடா!"

"ஆமாக்கா, ரொம்ப நேரமாத் தின்னுது" என்றான் மொக்கச்சாமி.

"நடுவுல ஒரு காக்கா வந்துச்சுக்கா" என்றான் வீருசின்னு. "ஆடு மிரளாம பக்குவமா விரட்டிட்டோம்."

அடுத்த வாரம் புது மண்பானை வாங்கி, வெட்டிவேர் போட்டு, தண்ணீர் ஊற்றி வைத்தாள். "நிழல்லயே வச்சிருங்கடா, சில்லுனு இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். அவர்கள் வாசல் தென்னைமரத்தின் நிழலில் பானையை வைத்தார்கள். நிழல் நகர்ந்தது. பானையும் நகர்ந்தது. தூக்க ஒருவன், கீழே மணல் பரப்ப ஒருவன், நிழல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவன். சாயங்காலம் தென்னந்தலையின் நிழல் தெருவைத் தாண்டி என் வீட்டு வாசலுக்குள் நுழைந்தது. அவர்களும் நுழைந்தார்கள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா நினைச்சுக்கிறாதீங்க சார்" என்று சுருளிவேல் பானையை என் காலடியில் இறக்கினான். "இன்னும் கால் மணி நேரத்துல உங்க அடுப்படிக்குப் போயிரும்."

கால் மணி நேரத்தில் சூரியன் மறைந்தது. நிழலைக் காணோம். பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று பேரும் அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றார்கள். பவுனுத்தாயி சந்தையிலிருந்து வந்து, பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. சடையாண்டி என்று ஒரு பெரியவர், பக்கத்து ஊர். அவருடைய மகள் அன்னக்கொடிக்குச் சுருளிவேலைப் பார்க்கலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பவுனுத்தாயி திருப்பூருக்கு எடுத்துப்போகிற பையைத் தூசி தட்டி ஆணியில் மாட்டினாள்.

ஞாயிறு காலை பார்த்தால், சுருளிவேலின் தலை முழுக்க வேர்க்குரு. அதை மறைக்கத் தலையில் முடியும் கிடையாது.

"அருவியில ஒரு குளியல் போட்டா அடங்கிரும்க்கா" என்றான் மொக்கச்சாமி.

அருவி ஒரு மணி நேர பஸ் தூரம். கோடையில் ஒரே ஓர் ஆள் தலைக்குத்தான் தண்ணீர் விழும். வரிசையில் நின்று, முறை வந்ததும் நனைந்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஆனாலும் அந்த வெயிலுக்கு அது போதும். பவுனுத்தாயி ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள்.

"போயிட்டு வாங்க. ஆனா, நனைஞ்ச தலை காயுறதுக்குள்ள வீட்டுல இருக்கணும். சொல்லிப்புட்டேன்."

நீங்களும் நானும் இதைச் சீக்கிரம் வரச் சொல்வதாக எடுத்துக்கொள்வோம். அதனால்தான் நம்மைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை.

மூவரும் போனார்கள், குளித்தார்கள், எட்டரை மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் வீருசின்னு தலையைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, காஞ்சிருச்சு."

"வீடு வந்துருச்சா?"

"இல்லண்ணே."

"அப்ப இறங்கு."

இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, மறுபடி அருவிக்குப் போய், மறுபடி வரிசையில் நின்று, மறுபடி நனைந்து, மறுபடி பஸ் ஏறினார்கள். மறுபடி மூன்றாவது நிறுத்தம். இப்படி நான்கு தடவை. நான்காம் தடவை கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லையாம். "உங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்காய்யா?" என்று மட்டும் கேட்டாராம். இதையெல்லாம் அவர்களே பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

உச்சிவெயிலில் அருவிப் பாறைமேல் உட்கார்ந்து ஆலோசனை நடந்தது.

"துண்டை நனைச்சுத் தலையில கட்டிக்கிட்டா என்னண்ணே?" என்றான் வீருசின்னு.

"அப்ப ஈரம் துண்டோடது. தலையோடது இல்ல" என்றான் மொக்கச்சாமி. "அக்காவை ஏமாத்தக் கூடாது."

"பஸ்ஸை வேகமா ஓட்டச் சொன்னா?"

"வேகமாப் போனா காத்தடிக்கும். பொசுக்குனு காஞ்சிரும். மெதுவாப் போகணும்."

"மெதுவாப் போனா வீடு சேர நேரமாகுமே. அதுக்குள்ள காஞ்சிருமே."

"அதனாலதான்டா, பஸ்ஸு நகரவே கூடாதுங்கிறேன்."

இதை மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் டிரைவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சுருளிவேலுக்குத் தோன்றியது. அந்த வீட்டில் அன்றைக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கி, அருவித் தண்ணீரை நிரப்பி, வழிநெடுக ஊற்றிக்கொண்டே போவது என்று முடிவாயிற்று. சோதனைக்கு மூன்று பேர் தலையிலும் ஊற்றினார்கள். தம்பிகள் தலையில் ஈரம் நின்றது. சுருளிவேல் தலையில் விழுந்த தண்ணீர் தலையில் நிற்காமல் தரைக்கு வந்தது. மீதி இருந்த ஈரத்தை வெயில் ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கொண்டது.

சுருளிவேல் எழுந்து நின்றான்.

"டேய், என் தலை வீடு வரைக்கும் தாங்காது. நல்ல நாளும் அதுவுமா அக்கா சொல்லை மீறணுமா? நான் இங்கயே தண்ணிக்கடியில நின்னுக்கிறேன். காயவே காயாது. நீங்க போயி வந்தவங்களைக் கவனிங்க."

"அண்ணே, அவங்க உன்னைப் பாக்கத்தானே வர்றாங்க?" என்றான் வீருசின்னு.

"பாக்க வர்றவங்க முன்னாடி காஞ்ச தலையோட நிக்கச் சொல்றியா?"

வீருசின்னு வெட்கப்பட்டுத் தலை குனிந்தான். தம்பிகள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடத்தோடு பஸ் ஏறினார்கள்.

பாதி வழியில் கண்டக்டர் அவர்களைக் குடத்தோடு இறக்கிவிட்டார். பக்கத்து சீட் அம்மா மடியில் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு முழுக்க நனைந்துவிட்டதாம். மிச்ச தூரத்தை நடந்தார்கள். குடம் காலியானது. இளநீர்க் கடையில் ஆளுக்கொரு இளநீர் வெட்டச் சொல்லித் தலையில் கவிழ்த்தார்கள். அதுவும் காய்ந்தது. கோயில் முன்னால் நீர்மோர்ப் பந்தல் இருந்தது.

"ஏம்ப்பா, குடிக்கக் குடுத்தா தலையில ஊத்துறீங்க?" என்றார் மோர் ஊற்றியவர்.

"எங்களுக்குத் தாகமில்லைங்க" என்றான் மொக்கச்சாமி மரியாதையாக.

ஊருக்குள் நுழையும்போது மோரும் காய்ந்துவிட்டது. கண்ணில் பட்டது ஜிகர்தண்டா கடை ஒன்றுதான்.

இங்கே வீட்டில், நாலு நல்ல மனுஷர் இருக்கட்டும் என்று பவுனுத்தாயி என்னையும் கூப்பிட்டிருந்தாள். எங்கள் வீட்டு டேபிள் ஃபேனையும் கேட்டு வாங்கியிருந்தாள். சடையாண்டி உறவுக்காரர் இரண்டு பேரோடு சரியாக ஐந்து மணிக்கு வந்தார்.

"காத்து படுற இடமா உக்காருங்கய்யா" என்றாள் பவுனுத்தாயி.

ஃபேன் இடப்பக்கம் திரும்பியது. சடையாண்டி நாற்காலியை இடப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபேன் வலப்பக்கம் திரும்பியது. அவர் எழுந்து வலப்பக்கம் போனார். நாலைந்து தடவைக்குப் பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. கூட வந்த இருவரும் அவரை நாற்காலியோடு தூக்கி இடமும் வலமுமாக வைக்க ஆரம்பித்தார்கள். பவுனுத்தாயி என்னைப் பார்த்தாள். நான் உத்திரத்தைப் பார்த்தேன்.

"பாவம், வெக்கை தாங்கலை போல" என்றாள் தனக்குத்தானே.

அப்போதுதான் தம்பிகள் இருவரும் உள்ளே வந்தார்கள். தலையிலிருந்து பாலும் சர்பத்தும் வழிய, மூக்கில் ஒரு துண்டு கடற்பாசி தொங்க, பின்னாலேயே ஈக்கள் வர.

"அக்கா, தொட்டுப் பாரு. ஈரம்!" என்றான் வீருசின்னு.

"பெரியவன் எங்கடா?"

"அருவிக்கடியில நிக்குறாருக்கா. உன் சொல்லைக் காப்பாத்த அவருக்கு வேற வழி தெரியலை" என்று மொக்கச்சாமி நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னான்.

பவுனுத்தாயி தூணைப் பிடித்துக்கொண்டாள். சடையாண்டி கையைக் காட்டி, அந்தரத்தில் இருந்த நாற்காலியை இறக்கச் சொன்னார்.

"அக்கா ஒரு வார்த்தை சொன்னதுக்காக அருவியில நிக்குறாரா மாப்பிள்ளை? ஆத்தா, எனக்கு வேற என்ன வேணும்? எம்மகளும் இந்த மாதிரிதான். ஒண்ணு சொன்னா சொன்னதுக்கு மேல ஒரு துரும்பை நகத்த மாட்டா."

பவுனுத்தாயிக்குப் புரியாமல் இல்லை. ஃபேனைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள். பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்கு அந்தப் பைதான் கண்ணில் நின்றது.

"தட்டை மாத்திக்கிருவோம்" என்றாள்.

தட்டு மாற்றி முடிந்த நேரம், அருவி வாட்ச்மேன் பைக்கில் வந்து இறங்கினார். மத்தியானத்திலிருந்து வரிசையில் ஒருத்தரையும் நனைய விடாமல் நின்ற மாப்பிள்ளையைப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தார். சுருளிவேல் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான்.

"காஞ்சிருச்சுக்கா!"

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இராசாங்கம் திருப்பூரிலிருந்து புது வேட்டி, புதுக் குடை சகிதம் வந்திருந்தார். எதைச் சொன்னாலும் மெதுவாகத் தலையாட்டுவார், அதிகம் பேச மாட்டார். விவரமான மனிதர்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் திருப்பூர் பஸ். விடியற்காலையிலேயே பவுனுத்தாயி இன்னொரு தடவை கூழ் காய்ச்சி மாடியில் வத்தல் ஊற்றினாள். வெறுங்கையோடு போகாமல், புருஷனுக்குப் பிடித்ததை எடுத்துப்போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மத்தியானம் சாமிக்குத் தேங்காய் உடைக்கக் கோயிலுக்குக் கிளம்பும்போது எல்லோரையும் மாடியில் நிறுத்தினாள். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை.

"காக்கா, ஆடு, நாயி, பூனை, கொரங்கு, ஒண்ணும் கிட்ட வரக் கூடாது. வத்தல் மேல வச்ச கண்ணை எடுக்கக் கூடாது." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கூட இருந்து பாருங்க. இதுகளை நம்ப முடியாது."

இராசாங்கம் மெதுவாகத் தலையாட்டினார்.

மூன்று மணிக்குக் கோடைமழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. பவுனுத்தாயி தெருவில் தலைதெறிக்க ஓடி வருவதைப் பார்த்து நானும் பின்னாலேயே மாடிக்கு ஓடினேன். ஏறும்போதே தெரிந்தது, மாடிக் குழாயிலிருந்து கூழாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

மேலே, வெறும் வேட்டியைச் சுற்றி நான்கு பேர் கம்போடு நின்றார்கள்.

"ஒரு எறும்பு கூட வரலைங்க மதினி" என்றாள் புதுப்பெண் அன்னக்கொடி. அப்பன் பொய் சொல்லவில்லை.

"இன்னிக்குப் பாருக்கா, காயவே இல்லை!" என்று சுருளிவேல் சந்தோஷமாகத் தலையைக் காட்டினான்.

பவுனுத்தாயி அவர்களைப் பார்க்கவில்லை. அவள் கண் புருஷனைத் தேடியது. அவர் மாடி மூலையில் நின்றார். புது வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. மடக்கிய குடையைத் தலைக்கு மேல் ஓங்கிப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"ஏங்க" என்றாள். "கையில குடை இருக்குல்லங்க? விரிச்சிருக்கக் கூடாதா?"

இராசாங்கம் மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"விரிச்சா காக்கா வர்றது தெரியாதே பவுனு!"