நிலைவாசலில் நாலு ஆணித்துளை

அந்தக் காலத்தில் மிருகங்களும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். அலுத்துக்கொண்டதும் ஒரே மாதிரிதான். ஓலைக்கூரைகள் நெருங்கிய ஓர் ஊரில் தீயணைக்க இருந்தது ஒரே ஒரு யானை. மூக்கன் என்று பேர். கோடை பிறந்தால் தினம் ஒரு கூரை பற்றும். குளத்துக்கும் தெருவுக்கும் நடந்து நடந்து மூக்கனுக்குக் கால் ஓய்ந்துபோயிற்று. கடைசியில், வாரம் ஒரு கட்டுத் தழை போடும் வீட்டுக்கு மட்டும்தான் வருவேன் என்று சொல்லிவிட்டான். அடையாளத்துக்கு, துதிக்கை பொறித்த செப்புத் தகடு ஒன்றை அந்த வீடுகளின் நிலைவாசலுக்கு மேலே அடித்தார்கள். தகடு இருந்தால் தண்ணீர். இல்லாவிட்டால் அவரவர் தலையெழுத்து.

கருத்தாயி என்ற நெசவுக்காரி ஒரு வாரம்கூடத் தழை தவறவிட்டதில்லை. அவள் கஞ்சி குடிக்காத நாளிலும் மூக்கனுக்குக் கட்டு வந்துவிடும். அவளுக்கென்று இருந்தது ஒரு குடிசை, ஒரு தறி, குறும்பி என்ற ஆட்டுக்குட்டி.

சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள். ஊரே செம்பையும் பித்தளையையும் புளிபோட்டு விளக்கிக்கொண்டிருந்தது. வாசல் தகடு மட்டும் களிம்பேறிக் கிடப்பானேன் என்று கருத்தாயி அதையும் கழற்றி எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். போன நேரத்தில் பக்கத்து அடுப்புப் பொறி அவள் கூரையில் விழுந்தது. அக்கம்பக்கத்தார் அவரவர் கூரையை நனைக்க ஓடினார்கள்.

மூக்கன் வந்தான். காலையிலிருந்து அது நாலாவது தீ. அண்ணாந்து பார்த்தான். நாலு ஆணித்துளைதான் இருந்தது. யார் வீடென்று தெரியாமலில்லை. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

உள்ளே கட்டிக் கிடந்த குறும்பிக்கு அவன் காலடிச் சத்தம் தெரியும்.

"மாமா, நான்தான். உள்ளதான் இருக்கேன்."

"தகடு இல்லையே, குட்டி," என்றான் மூக்கன்.

தறிக்குழி தோண்டிய மண் அவன் காலடியிலேயே குவிந்து கிடந்தது. நாலு வாரி இறைத்திருந்தால் தீ அடங்கியிருக்கும். அவன் துதிக்கையைத் தொங்கவிட்டபடி நின்றான்.

கருத்தாயி ஓடிவந்தபோது கூரை உட்கார்ந்துவிட்டது. குறும்பியின் குரலும் நின்றுபோயிருந்தது. அவள் கையில் தகடு பளபளத்தது. அவள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. மண்ணை வாரித் தூற்றிச் சாபமும் விடவில்லை.

"எத்தனை வருஷம் என் கையால தின்னே, மூக்கண்ணே. தகடு இல்லேன்னா என்னைத் தெரியலையா?"

மூக்கனுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவள் தூற்றாத மண்ணைத் தானே வாரித் தன் தலையில் கொட்டிக்கொண்டான். பிறகு அவன் யாரிடமும் பேசவேயில்லை.

அன்று முதல்தான், எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டிக் கரையேற்றினாலும், யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது.