பாரா மாறிய கிளை

பறவைகளுக்கும் நம்மைப் போலப் பேச்சு வந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் தலை நிமிராமல் சருகைக் கிளறித் தின்னும். போடுகிற சத்தம் ஊரைக் கூட்டும். மேலே வல்லூறு வட்டமிடுவதை மட்டும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அப்படித்தான் வெயிலாள் என்ற குருவியின் தங்கை வல்லூறுக்கு இரையாகிப் போனாள்.

மறுநாள் வெயிலாள் தரையில் இறங்கவில்லை. உடைமரத்தின் உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. வல்லூறு தெரிந்ததும் ஒரு குரல் கொடுப்பாள். கூட்டம் புதருக்குள் பாய்ந்துவிடும்.

"நம்ம வெயிலா பாராவுக்கு இருக்கால்லா, பெறவு என்ன கவல?" என்று கூட்டமே அவளை மெச்சியது. மெச்சினார்களே தவிர, ஒரு புழுவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம், அவள் பொழுது சாயும்போது இறங்கி வந்து மிச்சம் மீதியைப் பொறுக்குவாள்.

கோடை வந்தது. மிச்சம் வைக்கும் அளவுக்கு இரை இல்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் வல்லூறு பாய்ந்து வந்ததை வெயிலாள் பார்த்தாள். வாயையும் திறந்தாள். பட்டினியில் குரல் எழும்பவில்லை. கூட்டத்தில் இருந்த மாடத்தி என்ற தாய்க்குருவியின் ஒற்றைக் குஞ்சை அது தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எல்லோரும் மரத்தடியில் திரண்டார்கள்.

"பாரான்னு உக்காந்தா ஒழுங்கா பாக்கணும்லா," என்றார் கூட்டத்துக்குப் பெரியவரான ஓலையாண்டி. "இனி இவ நம்மகூட இருக்கப்படாது."

தனிக் குருவி ஒரு வாரம்கூடப் பிழைக்காது. அது வெயிலாளுக்கும் தெரியும். ஆனாலும் மாடத்தியின் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாடத்தி விருட்டென்று கிளைக்குப் பறந்தாள். கொத்தத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கும் அந்த ஆத்திரம் இருந்தது. ஆனால் கிட்டத்தில் போனபோதுதான் வெயிலாளின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். குஞ்சுக்கென்று பிடித்த புழு இன்னும் மாடத்தியின் அலகிலேயே இருந்தது. அதை வெயிலாளின் வாயில் வைத்தாள்.

"தின்னுட்டி. தின்னுட்டுக் கீழ போ. இங்கன நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு கீழே குனிந்து, "எனக்கப்புறம் ஆரு ஏறுதீயன்னு பேசி வைங்க," என்றாள்.

தவிட்டுக்குருவிகள் இரை பொறுக்கும்போது ஒன்று மட்டும் கிளையில் காவலிருப்பதும், இன்னொன்று ஏறி வந்து அதை இறக்கிவிடுவதும் அன்று முதல்தான். சில சமயம் ஏறி வருகிற குருவியின் வாயில் ஒரு புழுவும் இருக்கும்.