ஊர் தேடிப் போன இரண்டு நாள்

"நாலு நாள் லீவுங்க டீச்சர். எந்த ஊருக்குப் போறதுன்னு பார்த்துப் பார்த்தே ரெண்டு நாள் போயிருச்சு."

பூங்கோதை இதைச் சொன்னபோது டீச்சர் களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை. வெயில் இன்னும் ஏறவில்லை.

அது ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்ட் களம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு காலத்தில் நன்றாக ஓடி, பிறகு நின்றுபோன ஆலையைச் சேர்ந்தது. ஆலை டீச்சரின் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி, வேலையை விட்டுவிட்டு வந்து ஞாயிறுதோறும் அந்தக் களத்தில் பேசாமல் உட்கார ஆரம்பித்தார். முதலில் நாலு பேர் கூட வந்து உட்கார்ந்தார்கள். இப்போது நாற்பது பேர் வருகிறார்கள். வயது முப்பத்தெட்டுதான் என்றாலும் எல்லாருக்கும் அவர் டீச்சர்.

பூங்கோதைக்கு ஐம்பத்து மூன்று. ஆறு வருஷமாக வருகிறாள். சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

கடந்த ஒரு மாதமாக வரவில்லை. டீச்சர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"யாரு லீவு கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

பூங்கோதை சொன்னாள்.

சேலத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளுக்குப் போன் எடுக்கும் வேலை. பத்தொன்பது வருஷ அனுபவம். அழுகிறவர்களிடமும் கத்துகிறவர்களிடமும் ஊர் பேரையும் தெரு பேரையும் வாங்கி, வண்டியை அனுப்பிவிட்டு, அடுத்த போனை எடுப்பாள். புதிதாகச் சேருகிறவர்களை முதல் வாரம் அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள்.

இந்தத் திங்கட்கிழமை ஒரு போன் வந்தது. எதிர்முனையில் யாரும் பேசவில்லை. யாருடைய சட்டைப்பையிலோ கிடந்த போன் தானாக அழுந்தி வந்த அழைப்பு அது. துணி உரசுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ மீன் விலை கேட்டார்கள். அது பூங்கோதைக்கும் கேட்டது. ஆனாலும் அவளால் போனை வைக்க முடியவில்லை. பதினோரு நிமிஷம் பிடித்தபடியே இருந்தாள். அதற்குள் வேறு இரண்டு அழைப்புகள் அடித்து அடித்து நின்றன. மூன்றாவது தடவை அடித்ததைப் பக்கத்து மேசைப் பெண் ஓடிவந்து எடுத்தாள். மாரடைப்பு. வண்டி நல்லவேளையாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மேற்பார்வையாளர் தாமோதரன் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்து, ஏதாவது அமைதியான கிராமமாகப் பார்த்துப் போய் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். வந்தபிறகும் இப்படியே இருந்தால் ரெக்கார்டு ரூமுக்குத்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார்.

"ரெக்கார்டு ரூம்ல போனே கிடையாதுங்க டீச்சர்," என்றாள் பூங்கோதை.

டீச்சர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்தார்.

"எந்தெந்த ஊரு பார்த்தீங்க அக்கா?"

பூங்கோதை கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மூன்று ஊர். மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன.

முதலாவது, ஏற்காட்டுக்குப் பின்பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து வீடு. சுற்றி ரெண்டு கிலோமீட்டருக்கு வேறு வீடே இல்லை, நாய் குரைக்கிற சத்தம்கூடக் கேட்காது என்று தோட்டக்காரர் போனில் சொன்னார். முழங்கால் வலியோடு ஏறி இறங்க முடியாது என்று புருஷனிடம் சொல்லி அதை அடித்துவிட்டாள்.

அடுத்தது காவிரிக்கரையில் தென்னந்தோப்பு. தண்ணீர் இந்த மாதம் சலனமே இல்லாமல் கிடக்கும் என்றார்கள். கொசு இருக்கும் என்று சொல்லி அதையும் அடித்தாள்.

கடைசியாகப் பார்த்தது கல்வராயன் மலையடியில் சாமைக் காட்டுக்கு நடுவே ஒரு வீடு. நல்ல வீடு. வாடகைக்கு விடுகிற அம்மாள், எங்கள் ஊரில் சருகு விழுந்தால்கூடக் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று பூங்கோதை அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

"மூணும் அமைதியான ஊருங்களாத்தானே இருக்கு," என்றார் டீச்சர்.

"இருக்குதுங்க."

"அதைத்தானே தேடினீங்க?"

பூங்கோதை தாளை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

களத்து வாசலருகே அவள் புருஷன் செங்கோட்டுவேல் நின்றிருந்தார். காலடியில் துணிப்பை. ஊர் முடிவானால் அப்படியே கிளம்பிவிடலாம் என்று இரண்டு நாளாக அந்தப் பையோடு அலைகிறார். முப்பது வருஷம் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது.

டீச்சர் அவரைக் கிட்டே கூப்பிட்டு, சத்தமாகக் கேட்டார்.

"அக்கா வீட்ல எப்படிங்க இருக்காங்க?"

"ரேடியோ ஓடிக்கிட்டே இருக்குதுங்க. சமைக்கிறப்பவும் ஓடுது, படுக்கிறப்பவும் ஓடுது. எனக்கே கேக்குதுன்னா எவ்வளவு சத்தம்னு பார்த்துக்கங்க."

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமா."

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். களத்தின் ஓரத்தில் இரண்டு மைனாக்கள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன. அவை பறந்து போனபின் அவள் பேச ஆரம்பித்தாள். இதுவரை புருஷனிடம்கூடச் சொல்லாதது.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் வந்த போன் அது. எடுத்தாள். யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. எந்த ஊர் என்று மூன்று முறை கேட்டாள். பேச முடியாவிட்டால் எதையாவது தட்டுங்கள் என்றாள். தட்டவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அப்போது புறவழிச்சாலையில் பால்வண்டி கவிழ்ந்து, ஓட்டியவர் உள்ளே மாட்டிக்கொண்டதாக அடுத்த மேசைக்குச் செய்தி வந்தது. அந்த மேசையில் இருந்தவள் சேர்ந்து மூன்றே நாளான பெண். என்ன செய்வதென்று தெரியாமல் பூங்கோதையைப் பார்த்தாள்.

பூங்கோதை தன் போனை வைத்துவிட்டு அதை எடுத்தாள். வண்டியை அனுப்பினாள். பிறகு பழைய எண்ணுக்குத் திருப்பி அழைத்தாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. அன்று மாலை வரை அழைத்தாள். மறுநாளும் அழைத்தாள். போலீஸிலும் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

"சத்தம் நின்னா அந்த மூச்சு கேக்குதுங்க டீச்சர்," என்றாள். "அதான் ஞாயித்துக்கிழமை இங்கயும் வரலை."

செங்கோட்டுவேலுக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ, அவர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

டீச்சர் எழுந்து களத்தைக் கடந்து ஆலைக் கொட்டகைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பூங்கோதையின் போன் அடித்தது.

டீச்சரின் எண்.

எடுத்தாள். "சொல்லுங்க டீச்சர்."

பதில் இல்லை.

"டீச்சர்?"

மூச்சு மட்டும் கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். கொட்டகைக் கதவைப் பார்த்தாள். டீச்சர் நன்றாக இருக்கிறார், இருபது அடி தூரத்தில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போனை வைக்க முடியவில்லை.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வெயில் ஏறிக் களம் சுட ஆரம்பித்தது. இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள்.

"டீச்சர், நான் கட் பண்ணட்டுங்களா?"

பதில் இல்லை. டீச்சரும் வைக்கவில்லை.

செங்கோட்டுவேல் அவளைப் பிடித்து நிழலுக்கு நகர்த்தி உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். ஒரு வாய் குடித்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். டீச்சரிடம் பேசுகிற குரலாக அது இல்லை. பத்தொன்பது வருஷம் மேசையில் உட்கார்ந்து பேசிய குரல்.

"ஏனுங்க, நீங்க யாருன்னு எனக்குத் தெரியலை. எந்த ஊருன்னும் தெரியலை. உங்களால பேச முடிஞ்சிருந்தா பேசியிருப்பீங்க. நான் ரெண்டு நிமிஷம் இருந்தேனுங்க. அங்க ஒருத்தர் வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டாரு. அவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்சுது. உங்களைத் தேடினேன். ரெண்டு நாள் தேடினேன்."

கொஞ்சம் பொறுத்துத் தொடர்ந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாதுன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். நான் போனை வெக்கிறேனுங்க."

வைத்தாள்.

வைத்தபிறகு அழுகை வந்தது. ஒரு மாதமாக வராத அழுகை. செங்கோட்டுவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவள் அழுகிற சத்தம் கேட்கவில்லை. தன்னை ஒட்டியிருந்த அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

கொட்டகைக் கதவு திறந்தது. டீச்சர் வந்து அவர்களுக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார். அவர் முகமும் வேர்த்திருந்தது.

அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பால்வண்டிக்காரர் என்ன ஆனாருங்க?"

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு மாதமாக அந்த மனுஷனைப் பற்றி அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. போன வாரம் அவர் பெண்டாட்டியோடு நிலையத்துக்கு வந்திருந்தார். கையில் ஊன்றுகோல். எல்லா மேசைக்கும் பால்கோவா கொடுத்தார். அவள் மேசையில் வைத்ததை அவள் பிரிக்கவே இல்லை.

"நடக்கறாருங்க," என்றாள். சொன்னதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு முறை சொன்னாள். "நல்லா நடக்கறாருங்க டீச்சர்."

அப்போதுதான் பசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பி வந்திருந்தாள். டீச்சர் வீட்டில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் இருந்தன. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். செங்கோட்டுவேல் இரண்டாம் தடவை மோர் வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து, அவர்தான் பேச்சை எடுத்தார். எந்த ஊரு கோதை, என்றார்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அவர் எட்டாக மடிந்து கிடந்த தாளை விரித்துப் பார்த்தார். சாமைக் காட்டு வீடுதான் இங்கிருந்து கிட்டே, ஒரே பஸ், முழங்காலுக்கும் சிரமமில்லை என்றார். அந்த அம்மாளுக்குப் போன் செய்தார்கள். வீடு காலியாகத்தான் இருந்தது. பதினொன்றரை பஸ்ஸில் டீச்சரே ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை காலை பூங்கோதை வேலைக்குப் போனாள்.

அன்று மாலைக்குள் அறுபத்தேழு அழைப்புகள். ஒன்றில் யாரும் பேசவில்லை. மூன்று முறை கேட்டாள். இரண்டு நிமிஷம் பொறுத்தாள். திருப்பி அழைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. எண்ணையும் நேரத்தையும் எழுதிப் போலீஸுக்குச் சொல்லச் சொல்லிப் பக்கத்து மேசையில் கொடுத்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த அடுத்த போனை எடுத்தாள். ஒரு பிரசவ வலி. ஊர் பேரையும் தெரு பேரையும் வாங்கினாள். வண்டி போயிற்று.

தாமோதரன் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் மேசைக்கு ஒரு டீ வந்தது. கூடவே, அடுத்த வாரம் சேரப்போகும் இரண்டு பெண்களின் பெயர் எழுதிய சீட்டும் வந்தது. இருவரையும் அவள் பக்கத்தில்தான் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் களத்துக்கு வந்துவிட்டாள். நாற்பது பேரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். மைனாக்களின் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ரோட்டில் ஒரு டிராக்டர் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அசையாமல் இருந்தாள்.

எல்லாரும் எழுந்து போனபின் டீச்சர் கிட்டே வந்தார்.

"ஊர் எப்படிங்க அக்கா இருந்துது?"

பூங்கோதை நன்றாக யோசித்துப் பார்த்தாள்.

"ஓட்டு வீடுங்க டீச்சர்."

"அப்புறம்?"

"வேற ஒண்ணும் தெரியலீங்க. ரெண்டு நாளும் தூங்கிட்டேன்."